எட்டு நாள் ஊர்

இந்தக் கதையை நான் பல வருடங்களாக முழுசாக நம்பவில்லை.

சொன்னவர் இதில் வரும் சீடரேதான். சீடர்கள் சொல்லும் கதையில் குரு பெரியவராக இருப்பார். சொல்லச் சொல்லச் சீடரும் கொஞ்சம் பெரியவராகிவிடுவார். இதில் இரண்டுமே நடக்கவில்லை. அதனால் பாதி நம்பினேன். மீதிப் பாதி ஓர் எண்ணில் போய் மாட்டிக்கொண்டது.

முதலில் அவர் சொன்னபடியே சொல்லிவிடுகிறேன். கடலோர ஊர்களின் பெயர்களை மட்டும் விட்டுவிடுகிறேன்.

*

சபாநடேசன் நோட்டைத் திறந்து குருவின் முன்னால் வைத்தார்.

“சுவாமி, இதுல எந்த ஊர்ல குடியிருக்கறது? நீங்கதான் சொல்லணும்.”

குரு மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். லால்குடிக்கு வெளியே ஒரு மாந்தோப்பில் தனியாக இருந்தார். தோப்புச் சாமி என்பார்கள். வயது நாற்பத்தெட்டு. சீடருக்கு அறுபத்துநாலு. சீடர் ரயில்வே பார்சல் ஆபீசில் எடை போட்டு ஓய்வு பெற்றவர். குரு சாமியாவதற்கு முன் பஸ் கண்டக்டர்.

“இருபது வருஷம் எல்லாரையும் நான்தான் எந்த ஊருன்னு கேட்டேன். இப்ப எல்லாரும் என்னைக் கேக்கறாங்க,” என்றார் குரு. “எத்தனை ஊரு?”

“நாலு. எல்லாம் கடலோரம்.”

“எவ்வளவு நாளாப் பாக்கறீங்க?”

“ரிட்டையர் ஆனதிலேருந்து. நாலு வருஷமா.”

“வருஷத்துக்கு ஒண்ணா?”

“ஒவ்வொண்ணையும் நாலு தடவை.”

“கடல் எங்கயும் போயிடாதுங்கற தைரியம்.”

சபாநடேசன் சிரிக்கவில்லை.

“கடல் யாருக்கு வேணும்? உங்களுக்கா?”

“மரகதத்துக்கு. பதினோரு வருஷமாக் கேக்கறா.”

மரகதம் அவர் மனைவி. ஏன் கேட்கிறாள் என்று குரு கேட்கவில்லை. தோப்புக்கு வந்து போகிற எல்லோருக்கும் அது தெரியும்.

அவர்களுக்கு ஒரே மகன், திருமாறன். டீசல் மெக்கானிக். இருபத்துநாலு வயதில், மாலத்தீவுக்கு வெங்காயமும் செங்கல்லும் ஏற்றிப்போன ஒரு தோணியில் இஞ்சின் பார்க்கப் போனான். கார்த்திகை மாதம். தோணி திரும்பவில்லை. அதில் போன ஒன்பது பேரும் திரும்பவில்லை. ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை.

உடல் இல்லாததால் காரியம் செய்யவில்லை. தர்ப்பையில் உருவம் செய்து வைத்துச் செய்யலாம் என்று உறவினர்கள் சொல்லிப் பார்த்தார்கள். மரகதம் சம்மதிக்க மாட்டாள் என்று சபாநடேசன் எல்லோரையும் வாசலிலேயே திருப்பி அனுப்பினார்.

“வந்தான்னா கரையிலதானே இறங்குவான்னு நினைக்கறா, சுவாமி.”

“அப்படிச் சொன்னாங்களா?”

“சொல்லல. நினைக்கறா.”

குரு கையைத் துடைத்துக்கொண்டு நோட்டை எடுத்தார். பார்சல் ஆபீஸ் கையெழுத்து. ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட கட்டங்கள். வாடகை, குடிதண்ணீர், ஆஸ்பத்திரி, காய்கறி, கரண்ட், கொசு, அக்கம்பக்கம்.

“கொசுவுக்கு மார்க்கு போட்டிருக்கீங்க.”

“பத்துக்கு, சுவாமி.”

“கோட்டை இருக்கற ஊர்ல என்ன குறை?”

“வாடகை ஜாஸ்தி. வெள்ளைக்காரங்க வந்து தங்கற ஊரு. காபி நாப்பது ரூபா. துறைமுகத்து ஊர்ல பெரிய ஆஸ்பத்திரி இருக்கு, ஆனா காத்துல டீசல் வாடை. கோயில் ஊர்ல எல்லாமே கிடைக்கும். விசேஷ நாள்ல நம்ம வாசல்ல பஸ்ஸை நிறுத்திட்டுப் போயிடறான். உப்பளத்து ஊர்ல வாடகை சல்லிசு. தண்ணிதான் வாயில வைக்க முடியாது. வாரத்துல ரெண்டு நாள் லாரி வரும். ஆஸ்பத்திரிக்கு முப்பது கிலோமீட்டர் போகணும்.”

“எல்லா ஊர்லயும் ரெண்டு படுக்கையறை கேட்டிருக்கீங்க.”

“ஆமா.”

“அரிசி, பருப்பு, பால், எல்லாம் மூணு பேருக்கு.”

சபாநடேசன் உரித்த மொச்சைத் தோலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அம்மாவும் வந்து பாத்தாங்களா?”

“அவளுக்கு அலைச்சல் ஆகாது. மூச்சு இழுக்கும். நான் மட்டும்தான் போய்ட்டு வர்றது.”

குரு பென்சிலை வாங்கினார். கடைசிக் கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு கிழித்தார். ஸ்கேல் இல்லாமல் கிழித்ததால் கோணலாக இறங்கியது. தலைப்பு எழுதவில்லை.

“இதுல என்ன எழுதணும்?”

“நாலு ஊருக்கும் இன்னொரு தடவை போங்க. அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போங்க. கரையில இருக்கறவங்களை ஒண்ணே ஒண்ணு கேளுங்க. கடலுக்குப் போனவன் திரும்பலைன்னா இந்த ஊர்ல எத்தனை நாள் பாப்பீங்கன்னு. என்ன சொல்றாங்களோ அதை இதுல எழுதுங்க.”

“அதுக்கும் வீடு பாக்கறதுக்கும் என்ன சம்பந்தம் சுவாமி?”

“கொசுவுக்கு என்ன சம்பந்தமோ, அதான்.”

குரு மொச்சைக்குத் திரும்பினார்.

*

கோட்டை ஊரில் வீட்டு புரோக்கர் மாடிக்குக் கூட்டிப் போனார்.

“ஜன்னலைத் திறந்தா கடல், சார். நியாயமாப் பாத்தா காத்துக்குத் தனி வாடகை வாங்கணும்.”

மரகதம் சமையலறையை எட்டிப் பார்த்தாள்.

கரையில் ஒருவர் வலை பிரித்துக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்கச் சபாநடேசனுக்கு அரை மணி நேரம் ஆயிற்று. முதலில் மீன் விலை கேட்டார். பிறகு காற்று எப்படி என்று கேட்டார். பிறகு கேட்டார்.

வலைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மரகதத்தைப் பார்த்தார்.

“நாப்பத்தியோரு நாள்,” என்றார். “நீங்க இப்படி நிழல்ல வந்து உக்காருங்கம்மா. வெயில்ல நிக்காதீங்க.”

துறைமுகத்து ஊரில் கரையில் கேட்க ஆளில்லை. சுவரும் இரும்புக் கதவும்தான் இருந்தன. ஓர் ஆபீசில் ஏறிக் கேட்டார்கள்.

“பாடி கிடைக்கலைன்னா ஏழு வருஷம் சார். அதுக்கப்புறம்தான் கோர்ட்டு, சர்டிபிகேட்டு எல்லாம். உங்களது எந்த வருஷத்துக் கேஸு?”

“சும்மா தெரிஞ்சுக்கலாம்னு.”

வெளியே வந்ததும் மரகதம், “நமக்குப் பதினொண்ணு ஆச்சு,” என்றாள்.

“அது கவர்மெண்டுக் கணக்கு,” என்றார் சபாநடேசன்.

கோயில் ஊரில் அர்ச்சனைத் தட்டு விற்றுக்கொண்டிருந்த பெண் கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிட்டாள்.

“அடுத்த ஆடி அமாவாசை வரைக்கும். அன்னிக்கு ஊரே கடல்ல முழுகும் இல்ல? கூட்டத்தோட கூட்டமா நாமளும் முழுகிட்டு வந்துடறது. என் தம்பிக்கு அப்படித்தான் செஞ்சோம்.” மூச்சு விட்டுக்கொண்டாள். “தட்டு அம்பது ரூபா. தேங்கா பெருசு, பாருங்க.”

மரகதம் தட்டு வாங்கினாள். தம்பி பெயரைக் கேட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

உப்பளத்து ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம். சபாநடேசன் வீட்டுக் குழாயைத் திறந்து ஒரு வாய் எடுத்துக் கொப்பளித்துத் துப்பினார்.

“பழகிடும் சார்,” என்றார் வீட்டுக்காரர். “துணி துவைக்கலாம். பாத்திரம் கழுவலாம். குடிக்கத்தான் முடியாது.”

“தண்ணியே அதுக்குத்தானேய்யா.”

திரும்பிப் பார்த்தால் மரகதத்தைக் காணவில்லை. அந்த வீட்டிலிருந்து கரை இருநூறு அடி. முக்கால் மணி நேரம் கழித்து வந்தாள். புடவை ஓரம் நனைந்திருந்தது. மூச்சு வாங்கியது. கொஞ்ச நேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“கேட்டுட்டு வந்துட்டேன்.”

“நான் கேக்க மாட்டேனா? எதுக்குத் தனியாப் போனே?”

“நீங்க மீன் விலையிலேருந்து ஆரம்பிப்பீங்க.”

அவர் பையிலிருந்து நோட்டை எடுத்தாள். கோணல் கட்டத்தில், கடைசி வரியில், தானே எழுதினாள்.

“எட்டா?”

“எட்டு நாள்.”

“எட்டு மாசமா இருக்கும். சரியாக் கேட்டியா?”

“எட்டு நாள்தாங்க. கருவாடு காயப் போட்டுக்கிட்டிருந்த ஒரு பொம்பளை சொன்னா. எட்டு நாள் கரையில உக்காந்து பாப்பாங்களாம். ஒன்பதாம் நாள் காரியத்தை முடிச்சு எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சிடணுமாம். அப்புறம் இருக்கறவங்களுக்கு மட்டும் உலை வைக்கணுமாம்.”

“கல்நெஞ்சுக்காரங்க.”

“எனக்கு இந்த ஊரு போதும்.”

“தண்ணி...”

“நான் குடிச்சுக்கறேன்.”

*

சபாநடேசன் புகாரோடுதான் தோப்புக்குத் திரும்பி வந்தார்.

“மூணு நல்ல ஊரை விட்டுட்டு அதுதான் வேணும்ங்கறா, சுவாமி. வேற எந்த ஊருக்கும் வர மாட்டாளாம்.”

குரு நோட்டை வாங்கினார். கோணல் கட்டத்தை மேலிருந்து கீழே படித்தார். நாற்பத்தொன்று. ஏழு வருடம். ஆடி அமாவாசை. எட்டு.

“இந்த எட்டு உங்க கையெழுத்து இல்லையே.”

“மரகதம் எழுதினது. அங்க அவதான் போய்க் கேட்டா.”

“நீங்க?”

“நான் தண்ணி பாத்துக்கிட்டிருந்தேன்.”

குரு அந்த எட்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நோட்டை மூடி, இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டார்.

சபாநடேசனுக்குக் கூச்சமாகிவிட்டது. நாலு வருட உழைப்பைச் சாமி மெச்சுகிறார் என்று நினைத்துக்கொண்டார். என்னிடம் சொன்னபோதும் அப்படித்தான் சொன்னார்.

“ஆஸ்பத்திரி இல்லாத ஊரு சுவாமி. அவ தாங்குவாளா?”

“அதையும் எடை போட்டுத்தான் எழுதியிருப்பாங்க,” என்றார் குரு. “நீங்க வண்டிக்குச் சொல்லுங்க ஐயா. சாமானைக் கட்டுங்க.”

*

ஐப்பசி கடைசியில் குடி போனார்கள். பால் காய்ச்சினார்கள். சாயங்காலம் மரகதம் ஒரு பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

“எங்க கிளம்பிட்டே?”

“கரைக்கு. இன்னிக்கு ஒண்ணு.”

அவர் சொன்னதில் எனக்கு அதிகம் நினைவிருப்பது இந்தப் பகுதிதான்.

மரகதம் பாயை விரித்து ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். சபாநடேசனால் உட்கார முடியவில்லை. ஒவ்வொரு படகு வரும்போதும் எழுந்து போனார். இறங்குகிறவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மீன் வாங்க வந்திருக்கிறார் என்று நினைத்து அவர்கள் விலை சொன்னார்கள். மூன்றாம் நாள் இரண்டு கிலோ சங்கரா மீனோடு திரும்பி வந்தார்.

“எதுக்குங்க இவ்வளவு?”

“சொன்னாங்க, வாங்கிட்டேன்.”

ஐந்தாம் நாள், “தெக்கேருந்துதானே வரணும்? அந்தப் பக்கம் கொஞ்சம் நடந்து பாத்துட்டு வரட்டுமா?” என்றார்.

“போய்ட்டு வாங்க. இங்க நான் பாத்துக்கறேன்.”

அவர் திரும்பி வந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். அவள் அதே இடத்தில் இருந்தாள்.

ஏழாம் நாள், “எட்டை ஒரு பதினாறா வச்சுக்கலாமா, மரகதம்? நாம ஊருக்குப் புதுசு,” என்றார்.

“ஊர் வழக்கம்ங்க. நாம மாத்தக் கூடாது.”

எட்டாம் நாள் கடைசிப் படகு வந்தது. ஐந்து பேர் இறங்கினார்கள். படகை மேலே இழுத்துப் போட்டார்கள். வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். கரையில் நாய்கள் மட்டும் இருந்தன.

மரகதம் எழுந்தாள்.

“வாங்க.”

“இன்னும் ஒண்ணு வரணும்.”

“இல்லைங்க. எண்ணிட்டேன். காலையில போனது பதினாலு. வந்தது பதினாலு.”

“சரியா எண்ணினியா?”

“எண்ணினேன்.”

அப்போதுதான் அவர் அழுதார். பதினோரு வருடத்தில் முதல் தடவை. அவள் மறுபடி பாயில் உட்கார்ந்து, முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அவள் அழுதாளா என்று நான் கேட்டேன். அவருக்கு நினைவில்லை.

ஒன்பதாம் நாள் காலை, கரையிலேயே காரியம் நடந்தது. தர்ப்பை உருவத்துக்கு அவர் தீ வைத்தார். வீட்டுக்கு வந்ததும் மரகதம் அவர் தலையில் எண்ணெய் வைத்தாள். சீயக்காய் தேய்த்து, உப்புத் தண்ணீரில் நுரை வராமல் அலசி விட்டாள். சாப்பாட்டுக்கு இரண்டு இலை போட்டாள்.

பதினாலு மாதம் கழித்து ஒரு மார்கழி விடியலில் அவளுக்கு மூச்சு இழுத்தது. முப்பது கிலோமீட்டரில் பதினெட்டாவது கிலோமீட்டரோடு நின்றது.

சபாநடேசன் அந்த ஊரிலேயே இருக்கிறார்.

“துறைமுகத்து ஊருக்குப் போயிருக்கலாம்,” என்பார் என்னிடம். பிறகு அவரே பதிலும் சொல்லிக்கொள்வார். “ஆனா அவளாலதான் காத்திருக்கறதை நிறுத்த முடியலையே தம்பி. இந்த ஊர் வழக்கம்தான் நிறுத்துச்சு. அவளுக்கு அது தேவைப்பட்டுச்சு.”

*

என்னை உறுத்தியது அந்த எட்டு.

ஒரு தடவை தோப்புச் சாமியிடமே கேட்டேன்.

“சுவாமி, அந்த எட்டு நாள் வழக்கம் நிஜமா?”

“நீங்க அந்த ஊருக்குக் குடி போறீங்களா?”

“இல்ல.”

“அப்புறம் உங்களுக்கு எதுக்கு?”

அதோடு விட்டிருக்கலாம். என்னால் முடியவில்லை. விடாத புத்தியைப் பெரிய குணம் என்று இந்த வயது வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம் அந்த ஊருக்குப் போனேன். சபாநடேசன் வீட்டுக்குப் போகும் முன் கரைக்குப் போனேன். ஏழெட்டுப் பெண்கள் கருவாடு புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மூத்தவளாகத் தெரிந்த ஒரு பெண்ணிடம் நேராகவே கேட்டேன்.

“கடலுக்குப் போனவர் திரும்பலைன்னா இந்த ஊர்ல எட்டு நாள் பாப்பீங்களாமே?”

அவள் நிமிர்ந்தாள்.

“எட்டு நாள்ல விட்டுடறதுக்கு அது என்ன காணாமப் போன கோழியா?”

மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

“எங்க மாமியா சாவுற வரைக்கும் மாமனாருக்கு ஒரு தட்டு சோறு தனியா எடுத்து வச்சுது. பத்தொம்பது வருசம். இந்தக் கரையில நாள் சொல்ற பழக்கமே கிடையாது சார். எந்த வாய் சொல்லும் அதை? யாரு சொன்னதா உங்ககிட்டச் சொன்னாங்க?”

நான் சபாநடேசன் வீட்டுப் பக்கம் நடந்தேன்.

*

சபாநடேசன் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். லாரித் தண்ணீரில் காபி போட்டார். கொசுவுக்கு அப்போது மார்க்கைத் தாராளமாகப் போட்டுவிட்டதாகச் சொன்னார். சிரித்தார். நன்றாகத் தூங்குவதாகச் சொன்னார். கடல் பக்கத்து ஜன்னல் சாத்தியிருந்தது. உப்புக் காற்றில் கம்பி துருப்பிடிக்கிறது என்றார்.

பிறகு வழக்கம்போல அதையே சொன்னார். அவளுக்கு இந்த ஊர் தேவைப்பட்டுச்சு, தம்பி.

நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். கேட்டால் அவரிடமிருந்து ஒன்று போய்விடும். கேட்காவிட்டால் மரகதம் கொடுத்த ஒன்று அவருக்குக் கிடைக்காமலே போய்விடும். எது பெரியது என்று எடை போட என்னிடம் தராசு இல்லை. அவருக்காகக் கேட்டேனா, என் உறுத்தல் தீரக் கேட்டேனா என்பதும் இன்று வரை தெரியவில்லை.

“ஐயா, எட்டு நாள்னு அம்மாகிட்டச் சொன்ன அந்தப் பொம்பளையை, நீங்க பாத்தீங்களா?”